மீன்பிடித் தடைக்காலம்: 61 நாள் படகை நிறுத்தினால் கடல் மீண்டுவிடுமா?

ஏப்ரல் 15 தாண்டியதும் வேலூர் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை ஏறும், சங்கரா வரத்து குறையும், மங்களூரு, கொச்சிப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டிகளில் வந்து இறங்கும். ஏன் என்று கேட்டால் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “இது மீன் முட்டை போடுற காலம், கடலுக்கு யாரும் போகக்கூடாது.”

இந்தப் பதிலில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. எல்லா மீனும் அந்த மாதங்களில்தான் முட்டையிடும் என்பது சரியில்லை. யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பதும் சரியில்லை. இந்தப் பிழைகளால் பெரிய கேள்வி ஒன்று மறைந்துபோகிறது. ஆண்டின் மற்ற 304 நாட்களில் என்ன நடக்கிறது? கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தாலும் அந்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நாம். அதனால் இதை அடியிலிருந்து புரிந்துகொள்வது நல்லது.

தடை யாருக்கு, எப்போது

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. 2001-ல் தொடங்கியபோது 45 நாள்தான், 2017 முதல் 61 நாள். மேற்குக் கடற்கரையில் பொதுவாக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

தடை விசைப்படகுகளுக்கு மட்டும்தான். விசைப்படகு என்றால் உள்ளே பெரிய டீசல் இன்ஜின் பொருத்தி, பெரும்பாலும் இழுவலை போடும் படகு. கட்டுமரமும் நாட்டுப்படகும், பின்னால் சிறு இன்ஜின் மாட்டிய ஃபைபர் படகும் கரையோரம் மீன் பிடிக்கலாம். தடைக்காலத்திலும் உள்ளூர்க் கடல் மீன் கொஞ்சம் கிடைப்பது இதனால்தான்.

தேதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு கரையிலும் தடை. கிழக்கு திறக்கவில்லை, மேற்கு பெரும்பாலும் மூடியாகிவிட்டது. வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் போன்ற உள்மாவட்ட ஊர்களில் கடல் மீன் மிகவும் தட்டுப்படுவது இந்த இரண்டு வாரங்களில்தான். இதில் வியாபாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆட்டுப் பட்டிக் கணக்கு

கடலில் எவ்வளவு பிடித்தால் ஆபத்து என்பதை கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிற ஒருவரின் கணக்கிலிருந்து புரிந்துகொள்ளலாம். அவர் பட்டியில் 40 பெட்டை ஆடுகள். சாவு, நோய் போக ஆண்டுக்கு 40 குட்டிகள் தேறுகின்றன என்று வையுங்கள். ஆண்டுக்கு 40 உருப்படி விற்றால் பட்டி அப்படியே நிற்கும். 60 விற்றால் தாய் ஆட்டில் 20 குறையும். அடுத்த ஆண்டு குட்டியும் குறையும். அப்போதும் 60 வேண்டும் என்று நின்றால் மூன்றாம் ஆண்டில் பட்டியே இருக்காது.

இன்னொரு தவறும் உண்டு. எண்ணிக்கையில் 40-ஐத் தாண்டாமல், மூன்று மாதக் குட்டிகளாகப் பார்த்து விற்கிறார். எண்ணிக்கை சரிதான். ஆனால் ஆறு மாதம் விட்டிருந்தால் ஏறியிருக்கும் கறி எடை அத்தனையும் போய்விட்டது. கையில் வரும் பணம் குறைகிறது, அதை ஈடுகட்ட இன்னும் நாலு உருப்படி விற்கத் தோன்றுகிறது.

கடலிலும் இந்த இரண்டு நோய்கள்தான். தாய் மீன்கள் குறைந்து புதுக் குஞ்சு வரத்து வற்றுவது ஒன்று. வளரும் முன்பே பிடித்து எடையை இழப்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததே மிகைமீன்பிடிப்பு.

பட்டிக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் அளவானது. அதில் 80 ஆடு விட்டால் தீவனம் போதாமல் குட்டிகள் தேறாது. 10 ஆடு மட்டும் விட்டால் குட்டிகளே கொஞ்சம்தான். நடுவில் எங்கோ ஓர் அளவில்தான் ஆண்டு வரத்து உச்சமாக இருக்கும். கடலில் ஒரு வகை மீனின் மொத்தக் கூட்டத்தை ‘மீன் இருப்பு’ என்கிறார்கள். அந்த இருப்பு குறையாமல் ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய உச்ச அளவுக்கு ‘அதிகபட்ச நீடித்த விளைச்சல்’ என்று பெயர். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, உலகில் ஆய்வு செய்யப்பட்ட கடல் மீன் இருப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த வரம்பைத் தாண்டிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன.

ஆட்டுக்கும் மீனுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஆடு வயதானால் குட்டி அதிகமாகப் போடாது. மீன் பெரிதாக ஆக முட்டையும் பெருகும். நீளம் இரண்டு மடங்கானால் உடல் எடை ஏறக்குறைய எட்டு மடங்கு, முட்டையும் அந்த அளவிலோ அதற்கு மேலோ கூடும். அதனால் பத்துச் சின்னத் தாய் மீன்கள் சேர்ந்தாலும் பெரிய தாய் மீன் ஒன்றுக்கு ஈடாகாமல் போகலாம்.

“கடல் அவ்வளவு பெரிசு, மீன் தீருமா?”

தீரும். கடலின் பெரும்பகுதி மீனுக்குப் பாலைவனம் மாதிரிதான். மீனின் உணவுச் சங்கிலி நுண்தாவரங்களில் தொடங்குகிறது. அவற்றுக்கு வெயிலும் வேண்டும், உரச்சத்தும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது பெரும்பாலும் கரையை ஒட்டி, ஏறக்குறைய 200 மீட்டர் ஆழம் வரை சரிந்து செல்லும் ஆழம் குறைந்த பகுதியில்தான். இதைக் ‘கண்டத்திட்டு’ என்பார்கள். ஆறுகள் கொண்டுவரும் சத்தும் இங்கேதான் சேர்கிறது. நாம் சாப்பிடும் மீன், இறால், நண்டு, கணவாயில் பெரும்பகுதி இந்தக் குறுகிய பட்டையில்தான் வாழ்கிறது. விசைப்படகும் நாட்டுப்படகும் மோதிக்கொள்வதும் இதே பட்டையில்தான்.

இழுவலை: சிக்கல் வலையின் கண்ணில் இருக்கிறது

இழுவலை கூம்பு வடிவப் பை. வாய் அகலம், வால் குறுகல். வாயின் மேல் கயிற்றில் மிதவைகள், கீழ்க் கயிற்றில் ஈயக் குண்டு அல்லது இரும்புச் சங்கிலி. இரு பக்கமும் கனமான பலகைகள். படகு இழுக்கும்போது நீரின் விசை இந்தப் பலகைகளை வெளிப்பக்கம் தள்ளி வாயை விரித்தே வைத்திருக்கும். மணிக்கு ஏறக்குறைய 3 கடல் மைல் வேகத்தில், இரண்டு மூன்று மணி நேரம் தரையோடு தரையாக இழுத்துவிட்டு வின்ச் போட்டுத் தூக்குவார்கள். இறால் தரையில் இருப்பதால் சங்கிலி தரையைக் கிளறியே ஆக வேண்டும். அப்படிக் கிளறும்போது அங்கே ஒட்டி வாழும் உயிர்களும் பெயர்ந்து வந்துவிடுகின்றன.

பிடித்த மீன் எல்லாம் கடைசியில் வாலில் இருக்கும் மடியில் வந்து சேரும். எது தப்பிக்கும், எது சிக்கும் என்பதை அந்த மடியின் கண் அளவுதான் முடிவு செய்கிறது. விஞ்ஞானிகள் பரிந்துரைப்பது 40 மில்லிமீட்டர் சதுரக் கண். இதில் 40-ஐ விட ‘சதுர’ என்ற சொல்தான் முக்கியம், ஆனால் பேச்சில் விட்டுப்போவது அதுதான்.

சாதாரண வலையின் கண் டைமண்ட் வடிவம். கையில் பிடித்துப் பார்க்கும்போது 40 மில்லிமீட்டர் நன்றாகவே திறந்திருக்கும். நீரில் இழுக்கும்போது மடியில் எடை ஏற ஏற, நூல் நீளவாக்கில் இழுபட்டுக் கண்கள் கோடாகச் சுருங்கிவிடும். அளவு சட்டப்படி சரியாகவே இருக்கும், ஆனால் விரல் நீளக் குஞ்சுகூட வெளியேற முடியாது. அதே வலையைத் திருப்பி, நூல்கள் இழுக்கும் திசைக்கு நேராகவும் குறுக்காகவும் வரும்படி தைத்தால் எடை நேர் நூல்களில் இறங்கும், கண் சதுரமாகவே திறந்திருக்கும். செலவு பெரிதாகக் கூடுவதில்லை.

அப்படியானால் ஏன் எல்லோரும் மாற்றவில்லை? சின்ன மீன் போனால் இன்றைய வருமானம் போகும். நான் விடும் குஞ்சை நாளை பக்கத்துப் படகுக்காரர் பிடிப்பார் என்ற பயமும் இருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் மாறினால்தான் யாருக்கும் நட்டமில்லை. மடிமேல் இன்னொரு அடுக்கு வலை சுற்றிவிட்டால் கண் அளவு விதியே பயனற்றுப் போகிறது. படகு கரைக்கு வந்தபின் மடியை எடுத்து அளந்து பார்க்கும் சோதனை தொடர்ந்து நடக்காத துறைமுகத்தில் இந்த விதி காகிதத்தில்தான் இருக்கும்.

சுருக்கமாக: கண் அளவு மட்டும் போதாது, கண்ணின் வடிவமும் மடியின் அடுக்கும் சேர்ந்தே குஞ்சு மீனின் கதியைத் தீர்மானிக்கின்றன.

கேட்காமல் வந்து சிக்குபவை

தேடிப்போன மீனோடு வலையில் ஏறும் மற்ற உயிர்களை ‘உடன்பிடி’ என்கிறோம். இறால் இழுவலையில் இது மிக அதிகம். திரும்ப வீசினாலும் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும்போது காற்றுப்பை வீங்கிவிடும், மடியின் எடையில் உடல் நசுங்கிவிடும். விற்காத சின்ன மீன் கரையில் ‘கழிவு மீன்’ ஆகி உலர்த்தப்பட்டு, மீன் தூளாகக் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிறது. கழிவு என்ற பெயர் தவறானது. அதில் கணிசமானவை, வளர விட்டிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய மீன்களின் குஞ்சுகள். இந்தத் தூளுக்குச் சந்தை இருக்கும்வரை சின்னக் கண் வலைக்கும் வேலை இருக்கும்.

உடன்பிடியில் நெஞ்சை உலுக்குவது ஆமை. பங்குனி ஆமைகள் டிசம்பர் தொடங்கி நம் கரையோரம் கூடுகின்றன. ஆமைக்கு நுரையீரல்தான், அவ்வப்போது மேலே வந்து மூச்சு விட வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் வலைக்குள் மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது.

இதற்குத் தீர்வு இருக்கிறது. மடிக்கு முன்னால் சாய்வாக ஓர் இரும்புக் கம்பிச் சட்டம் வைப்பது. இதற்கு ‘ஆமை விலக்கி’ என்று பெயர். கம்பிகளுக்கு இடையே ஏறக்குறைய 10 செ.மீ. இடைவெளி. இறாலும் சிறு மீனும் நுழைந்து மடிக்குப் போகும். ஆமை கம்பியில் மோதி, சட்டத்தின் மேலோ கீழோ வைத்த திறப்பு வழியாக வெளியேறும். பெரிய மீனும் அந்தத் திறப்பில் போய்விடும் என்று மீனவர்கள் கவலைப்படுகிறார்கள். அது நியாயமான கவலைதான். ஆனால் மாட்டாததன் விலையும் அவர்களிடமே வந்து சேர்ந்தது. ஆமை விலக்கி இல்லாத வலையில் பிடித்த இந்தியக் கடல் இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை.

61 நாள் செய்வதும் செய்யாததும்

நம் கடல் வெப்பமண்டலக் கடல். நூற்றுக்கணக்கான வகைகள் ஒரே வலையில் ஏறும், ஒவ்வொன்றின் முட்டைக்காலமும் வேறு. பல வகைகள் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பருவத்தில் முட்டையிடுகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை முட்டையிடும் வகைகளுக்குத் தடை நேரடியாக உதவுகிறது. மற்றவற்றுக்கு அது தரும் நன்மை வேறு: ஆண்டில் ஆறில் ஒரு பங்கு நாட்கள் இழுவலையே ஓடாது, தரை கிளறப்படாது, குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் வளர அவகாசம் கிடைக்கும்.

ஆனால் ஜூன் 15 காலையில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. இரண்டு மாதம் வளர்ந்ததைச் சில வாரங்களில் அள்ளிவிடவும் முடியும். படகின் நீளம், இன்ஜின் திறன், வலையின் அகலம் எல்லாம் கூடிக்கொண்டே போனால் 304 நாளில் முன்பு 365 நாளில் பிடித்ததைவிட அதிகம் பிடிக்கலாம். அதனால்தான் தமிழ்நாட்டு விதிகள் விசைப்படகு இன்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைக்கின்றன. தடை ஒரு கை, இன்ஜின் வரம்பும் வலை விதியும் மறு கை. ஒரு கையை மட்டும் கட்டிவிட்டுக் கடலைக் காப்பாற்றிவிட்டோம் என்று பேசுவது சரியல்ல.

சுமை யார் தலையில் என்பதையும் பார்க்க வேண்டும். தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாயை அரசு தருகிறது. இரண்டு மாதம் வேலையில்லாத ஒரு வீட்டுக்கு அது போதாது என்பது என் கருத்து. நிவாரணம் போதாத இடத்தில் விதி மீறல் வளரும்.

கோடு போடுவது யார்?

ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை மீன்வளத்தை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. 200 கடல் மைல் வரையுள்ள வளம் கரையோர நாட்டுக்கே உரியது, அதற்கு ‘பிரத்யேகப் பொருளாதார மண்டலம்’ என்று பெயர். 1982-ல் உருவாகி 1994-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம் இதை உலகம் முழுவதற்கும் பொதுவாக்கியது. மீனுக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது.

தமிழ்நாட்டின் 1983-ம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாது. அது நாட்டுப்படகுக்காரர்களின் இடம். ஆமைகள் கூடுவதும் பல மீன்களின் குஞ்சுகள் வளர்வதும் இங்கேதான். விலை போகும் இறால் இருப்பதும் இங்கேதான். மீறல் நடப்பதற்கும் அதுவே காரணம்.

சுருக்குமடி வலை இன்னொரு உதாரணம். மீன் கூட்டத்தை வட்டமாக வளைத்து அடிக்கயிற்றை இழுத்துப் பைபோலக் கட்டிவிடும் வலை இது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கூட்ட மீன்களை மொத்தமாக அள்ளும். 2000-லேயே மாநில அரசு தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் நிபந்தனைகளோடு அனுமதித்தது. கடலூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இதே வலைக்காக மீனவ ஊர்களுக்கிடையே பகையே மூண்டிருக்கிறது. வலை வாங்கக் கடன்பட்டவர்களும் மீனவர்கள்தான், அந்த வலையால் வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் மீனவர்கள்தான்.

பாக் நீரிணையில் நிலைமை இன்னும் கடினம். இலங்கை 2017-ல் தரை இழுவலையைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. நம் இழுவலைப் படகுகள் எல்லை தாண்டும்போது பாதிக்கப்படுவது போரிலிருந்து மீண்டுவந்த வடபகுதித் தமிழ் மீனவர்களின் சிறு வலைகள். கைதும் படகுப் பறிமுதலும் செய்தியாகின்றன. இந்தப் பக்கத்துக் கடலில் மீன் ஏன் குறைந்தது என்ற கேள்வி அவ்வளவாகச் செய்தியாவதில்லை.

சுருக்கமாக: கரையோரம் மாநிலம், 12 கடல் மைலுக்கு அப்பால் ஒன்றியம், 200-க்கு அப்பால் உலகம். பொறுப்பு மூன்றாகப் பிரிந்திருப்பதால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவது எளிதாகிறது.

முழுதாகத் தெரியும்வரை காத்திருக்கலாமா?

“மீன் குறைந்ததற்கு வலைதான் காரணம் என்று நிரூபித்தீர்களா? கடல் சூடாவது காரணமாக இருக்கலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் காரணமாக இருக்க முடியும். முழு நிரூபணம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா என்பதே கேள்வி. இதற்கான விடை இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்தது நம் ஊர் வழக்கு ஒன்றின் வழியாகத்தான். பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீள முடியாத சேதம் வரும் ஆபத்து இருந்தால், அறிவியல் உறுதி முழுதாக இல்லை என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக்கூடாது என்றது. இதுதான் ‘முன்னெச்சரிக்கைக் கொள்கை’. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1995-ல் வெளியிட்ட பொறுப்பான மீன்வள நடத்தை நெறியிலும் இதே அணுகுமுறை இருக்கிறது. வயலூர் அருகே கடலில் சேரும் பாலாற்றுக்காக எழுந்த நியாயம் அந்தக் கடலுக்கும் பொருந்தும்.

உலக அளவில் இரண்டு ஒப்பந்தங்களை மட்டும் சொல்கிறேன். கடல் மீன் வளத்தைக் குறைக்கும் சில வகை அரசு மானியங்களைத் தடை செய்யும் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் 2022-ல் உருவாகி 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெரிய மீன்பிடிக் கப்பல் கூட்டங்களைப் பல ஆண்டு மானியத்தில் வளர்த்த நாடுகளும் சிறு மீனவர்களுக்கு டீசல் வரிச் சலுகை தரும் நாடுகளும் ஒன்றல்ல என்று இந்தியா அந்தப் பேச்சுவார்த்தைகளில் வாதாடி வருகிறது. வாதம் நியாயமானது. ஆனால் அதே சலுகை டீசல் பெரிய இழுவலைப் படகுக்கும் போகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில் பாதுகாப்புப் பகுதிகள் அமைக்க வழி செய்யும் ஒப்பந்தம் 2023-ல் நிறைவேறியது. இந்தியா 2024-ல் அதில் கையெழுத்திட்டது.

வேலூரில் மீன் வாங்கும்போது

பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் கேரளம். 2015-ல் 14 வகைகளுக்கு, 2017-ல் 58 வகைகளுக்கு. அதன்படி மத்தி 10 செ.மீ., கானாங்கெளுத்தி 14 செ.மீ. இருக்க வேண்டும். விரித்த கையில் கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை ஏறக்குறைய 20 செ.மீ. கானாங்கெளுத்தி அந்த நீளத்தில் முக்கால்வாசியாவது வரட்டும். வஞ்சிரம் அரை மீட்டரைத் தாண்டி வளர்ந்த பிறகுதான் முட்டையிடத் தொடங்கும். முழங்கை அளவுக்கும் குறைவான ‘குட்டி வஞ்சிரம்’ ஒருமுறைகூட இனம் பெருக்காதது.

சின்ன மீன் எல்லாமே குஞ்சு என்றும் நினைத்துவிடக்கூடாது. நெத்திலியும் காரப்பொடியும் முழு வளர்ச்சியிலும் சிறியவைதான், வேகமாகப் பெருகுபவை. அவற்றைத் தயங்காமல் வாங்கலாம். ஒரே கூறில் சங்கராக் குஞ்சு, வாளைக் குஞ்சு, குட்டி நண்டு எல்லாம் கலந்து மலிவாகக் கிடந்தால், அது பெரும்பாலும் சின்னக் கண் மடியில் வந்தது.

ஜூன் முதல் இரண்டு வாரங்களில் காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகளின் கட்லா, ரோகு, மிருகால் நல்ல மாற்று. குளத்தில் வளர்த்தாலும் இவற்றுக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போதும். வளர்ப்பு இறாலும் கொடுவாவும் அப்படியல்ல, அவற்றின் தீவனத்தில் கடலிலிருந்து வந்த மீன் தூள் சேர்கிறது.